கரடி மணி

மணிச் சத்தம் போன வழியில் திரும்பி வரவில்லை.

அது கிழக்கே போனது இந்துமதிக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவு நேரம் வாசற்படியில் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டிருந்ததே அதைத்தான். இரண்டு பக்கமும் கிளுவை வேலி அடைத்த இட்டேரிப் பாதையில் புருஷன் தனபாலும் மகள் தேஜஸ்ரீயும் நடக்க நடக்க, கணகணவென்ற அந்தச் சத்தம் மழை ஈரத்தில் மெல்ல மெல்லத் தேய்ந்து, கிணற்று மேட்டைத் தாண்டியதும் நின்றுபோயிற்று. இப்போது அதே சத்தம் தெற்கே, கோழிப்பண்ணைப் பக்கமிருந்து வந்தது. அங்கேயிருந்து வீட்டுக்கு வழியே கிடையாது, முள்கம்பியும் சீமைக்கருவேலமும்தான்.

எல்லாம் இந்தக் கேம்பிங் பைத்தியத்தால் வந்தது. பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் தனபாலும் அவன் கூட்டாளிகளும் கோத்தகிரிக்கு மேலே காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்கள். அங்கே கரடி நடமாட்டம் உண்டு. கரடிக்கு என்ன எடுத்துப் போவது என்பதில் வாட்ஸப் குரூப்பில் ஒரு வாரமாக அடிதடி. மிளகாய் ஸ்ப்ரே இருந்தால் போதும் என்றான் ஒருத்தன். காற்று எதிரே அடித்தால் அது உன் கண்ணிலேயே படும், பட்டாசு வாங்கு என்றான் இன்னொருத்தன். காட்டுக்குள் பட்டாசு வெடித்தால் கரடிக்கு முன்னால் வனத்துறை வந்து நிற்கும் என்றான் மூன்றாவது ஆள். ஷிப்மென்ட் தாமதமானால்கூட இப்படி மாறி மாறிப் பேசமாட்டார்கள். கடைசியில் தனபால் எல்லாவற்றையும் வாங்கினான். தூரத்தில் இருக்கும் கரடிக்கு மணி, கிட்டே வந்தால் ஹாரன், மேலே பாய்ந்தால் ஸ்ப்ரே.

மணி மட்டும் கடையில் வாங்கியது அல்ல. போன தடவை போனபோது கூட்டாளி சுரேந்தர் கூடாரம் போட்ட இடத்தில் ஒரு மரத்தடியில் கிடந்தது என்று எடுத்து வந்து கொடுத்தான். யாரோ விட்டுவிட்டுப் போனது. தோல் பட்டையில் கறுப்பாக, கம்பியாக முடி ஒட்டியிருந்தது. இந்துமதி அதை ஷாம்பூ போட்டுக் கழுவினாள். முடி போயிற்று, வாடை போகவில்லை.

அந்த மணி எவ்வளவு தூரம் கேட்கும் என்று பார்க்கத்தான் இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, அப்பனும் மகளும் கிளம்பியிருந்தார்கள். சத்தம் நின்றதும் அவள் போன் போட்டாள்.

"ஏனுங்க, இப்பக் கேக்கலீங்க."

"அதுக்குள்ளயேவா? செரி, பாப்பாகிட்ட மணியக் குடுத்து அனுப்பறேன். நான் இங்கிருந்து ஹாரன் அடிக்கறேன், கேக்குதான்னு சொல்லு."

"தனியாவுங்களா?"

"நம்ம தோட்டந்தானே இந்து. பட்டப்பகல்ல என்ன வந்துரப் போகுது?"

பட்டப்பகல் எங்கே இருந்தது? ஐப்பசி மேகம் பொங்கலூருக்கு மேலே கவிழ்ந்து, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே இருட்டிக்கொண்டு வந்தது. கரண்டும் இல்லை. வேறொரு அம்மாவாக இருந்தால் வேண்டாமென்று அடம்பிடித்திருப்பாள். இந்துமதி சரி என்று போனை வைத்துவிட்டாள். ஆடி மாதம் ஆறு மாதக் கரு கலைந்ததிலிருந்து அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. கம்பெனி செக்கிங் டேபிளில் கை பாட்டுக்குப் பனியனைத் திருப்பித் திருப்பி ஓட்டையையும் எண்ணெய்க் கறையையும் கண்டுபிடிக்கும், மனசு எங்கேயும் இருக்காது. தனபால் நாலு நாள் அழுதான், பிறகு மலையேறக் கிளம்பிவிட்டான். ஆம்பளைகளுக்கு அப்படி ஒரு வசதி. அவளுக்கு அழுகையும் வரவில்லை, மலையும் வரவில்லை. தேஜு பள்ளிக்கூடம் விட்டு வந்து "அம்மா, பசிக்குது, என்ன வெச்சிருக்க?" என்று கேட்கும்போது மட்டும் உள்ளே எங்கேயோ ஒன்று அசையும். மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

மணி கிட்டே வந்தது.

நடை சரியில்லை. தேஜு நடக்கிற பிள்ளை இல்லை, ஓடுகிற பிள்ளை. அவள் கையில் இருந்தால் மணி சிதறிக்கொண்டு வரும். இதுவோ ஒரு அடி, பிறகு நிதானம், பிறகு ஒரு அடி என்று, வயதான பெரியவர் ஒருத்தர் மேட்டில் ஏறி வருவது மாதிரி, பாரத்தோடு வந்தது. இடையிடையே இன்னொரு சத்தமும் சேர்ந்து கேட்டது. மூக்கடைத்தவர்கள் வாயால் மூச்சு விடுவார்களே, அந்தச் சத்தம்.

அப்புறம்தான் அவள் கோழிகளைக் கவனித்தாள். பக்கத்துப் பண்ணையில் ஆயிரக்கணக்கில் கோழி. ராவும் பகலும் அதுகள் போடுகிற இரைச்சல் காதுக்குப் பழகிப்போய், இருப்பதே தெரியாது. இப்போது அது இல்லை. ஒரு கோழிகூடக் கொக்கரிக்கவில்லை. அவ்வளவு கோழியும் வாயை மூடிக்கொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தன போலிருந்தது.

"கண்ணு?" என்று கூப்பிட்டாள்.

மணி நின்றது. பிறகு மறுபடி ஒரு அடி.

கிழக்கே வெகுதூரத்தில் தனபாலின் ஹாரன் பாம்ப்ப்பென்று அலறியது. கரடியைக் காததூரம் துரத்தும் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்த ஹாரன். அது அலறி ஓயும்வரை மணி நின்று கேட்டது. ஓய்ந்ததும் முன்னைக்கு வேகமாக வந்தது.

வாடைதான் முதலில் வந்து சேர்ந்தது. நனைந்த கோணிச்சாக்கு, கிளறிப்போட்ட புற்றுமண், அழுகிய பலாச்சுளை, எல்லாம் கலந்த ஒரு வாடை. ஷாம்பூ போட்டும் போகாத அந்த வாடையேதான், ஆனால் வீடு கொள்ளாத அளவுக்கு. இந்துமதி எழுந்து நின்றாள். முழங்காலுக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம்தான் வரவில்லை. அது வரவேண்டிய இடத்தில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு முன்னால் கிரில் கேட்டு. அதற்கு அப்பால் தேஜு நின்றாள்.

மஞ்சள் ஹூடி. எக்ஸ்போர்ட்டில் கழித்துக்கட்டியதைத் தனபால் அவளுக்கென்று எடுத்து வந்தது. அந்த மங்கலிலும் மஞ்சள் தெரிந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை, அழுகை இல்லை. அப்பாடா என்றிருந்தது இந்துமதிக்கு.

பிறகுதான் பிள்ளையின் வலது கை மேல்நோக்கித் தூக்கியிருப்பது தெரிந்தது. யாரோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் நின்றது இரண்டு காலில் நின்றது. மனுஷர்கள் நிற்கிற மாதிரி, ஒரு காலில் பாரம் போட்டு, கொஞ்சம் சாய்ந்து. கேட்டுத்தூணைவிட உயரம். இருட்டைவிடக் கறுப்பு. சும்மா தொங்கிய மறுகை முழங்காலைத் தாண்டிக் கீழே போயிற்று. அதன் கழுத்தில் மணி.

கதவுக்குப் பின்னால் மேஜைமேல் ஸ்ப்ரே டப்பா இல்லை. தனபால் அதையும் எடுத்துப் போயிருந்தான். இருந்தாலும் என்ன? அடித்தால் மஞ்சள் ஹூடிமேல்தான் முதலில் படும்.

"கண்ணு," என்றாள். குரல் யாருடையதோ மாதிரி வந்தது. "சாமி, நீ மட்டும் மெதுவா இங்க வா."

தேஜு நகரவில்லை. "அம்மா, வந்தவங்கள வாங்கன்னு கேக்க மாட்டீங்களா?"

தேஜு அவளை 'நீங்க' என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வாங்க. இந்தச் சீமையில் அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு மரியாதை என்று சொல்லி மாளாது. கல்யாண வீட்டில் ஒருத்தரை வாங்க என்று கேட்காமல் விட்டுவிட்டால் அண்ணன் தம்பிக்குள் ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஜப்திக்கு வந்தவனைக்கூட வாங்க என்று கேட்டு, தண்ணி கொடுத்து, அப்புறம்தான் என்ன விஷயம் என்பார்கள். வாசலில் ஆள் நிழல் விழுந்தால் போதும், யோசிக்கும் முன்பே வாய் அதைச் சொல்லிவிடும்.

இந்துமதி பல்லைக் கடித்து அதைத் தொண்டையிலேயே நிறுத்தினாள்.

"நீ மட்டும் வா சாமி. அம்மா சொல்றேனில்ல."

அந்தக் கை கொஞ்சம் உயர்ந்தது. அதோடு தேஜுவின் தோளும் உயர்ந்தது. செருப்பு ஒன்று கழன்று ஈரமண்ணில் விழுந்தது. பிள்ளையின் கால்விரல் நுனிதான் தரையில் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

"அம்மா. கேளுங்க."

"வாங்க," என்றாள் இந்துமதி.

கேட்டை அவள்தான் திறந்தாள். தாழ்ப்பாள் சில்லென்றிருந்தது கையில் தெரிந்தது, அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. அது அவளை உரசிக்கொண்டு போனது. முடி. ஈரம். மூச்சு. மணி ஒருதரம் அவள் தோளில் இடித்தது. நிலைவாசலில் தலை இடிக்காமல் குனிந்தது. நன்றாகக் குனியத் தெரிந்திருந்தது. மஞ்சள் ஹூடி அதன் பின்னாலேயே இருட்டுக்குள் போயிற்று. கதவு சாத்திக்கொண்டது. உள்தாழ் விழுந்தது.

அவள் வெளியே நின்றாள். தன் வீட்டுக்கு வெளியே.

கதவைத் தட்டவேண்டும். கத்தவேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. கை அப்படியே தொங்கியது. உள்ளே சோபா கிரீச்சென்றது. யாரோ உட்கார்ந்தார்கள். பிறகு இன்னொரு சின்னக் கிரீச்.

இட்டேரியில் செருப்புச் சத்தம். தனபால் ஓடி வந்தான். ஒரு கையில் ஹாரன், ஒரு கையில் ஸ்ப்ரே, மூச்சு இரைத்தது.

"பாப்பா வந்துட்டாளா? ஏன் வெளிய நிக்கற?"

"உள்ள இருக்கறாளுங்க." அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள். "கரடிங்க. கரடி உள்ள இருக்குதுங்க."

தனபால் அவளைப் பார்த்தான். சிரிக்கப் பார்த்தான். "கரடி உடாத இந்து. என்ன நேரத்துல விளையாட்டு உனக்கு?"

அப்போது கரண்டு வந்தது. உள்ளே ஹாலில் வெளிச்சம். ஜன்னல் திரையில் நிழல் விழுந்தது. சோபா நிறைய ஒரு உருவம். அதன் மடியில் ஒரு சின்னத் தலை. பெரிய கை ஒன்று அந்தத் தலையை முன்னிருந்து பின்னாக, முன்னிருந்து பின்னாக, மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தது. நகங்கள் மட்டும் தனித்தனியாகத் தெரிந்தன.

தனபால் ஸ்ப்ரேயைத் தூக்கினான். நிழலைப் பார்த்தான். மடியிலிருந்த தலையைப் பார்த்தான். தூக்கிய கையை இறக்கிக்கொண்டான்.

"பாப்பா மேல படும்," என்றான். யாரிடமும் இல்லை.

"ஆமாங்க," என்றாள் அவள்.

சோபா கிரீச்சிட்டது. நிழல் எழுந்தது. தாழ் விலகியது. கதவு ஒரு சாண் திறந்து நின்றது. வெளிச்சம் படியில் ஒரு கோடாக விழுந்தது. அந்த வாடை. அந்த மூச்சு.

"வாங்க," என்றது உள்ளேயிருந்து.

ஆம்பளைக் குரல் இல்லை, பொம்பளைக் குரலும் இல்லை. புற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆழத்தில் இருந்தது. ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை. வீட்டுக்காரர்கள் கேட்பது போல, வாயாரக் கேட்டது.

"வந்தோமுங்க," என்றான் தனபால்.

சொன்ன பிறகுதான் அவன் முகம் வெளுத்தது. வாயைப் பொத்தப் போன கை பாதியில் நின்றது. அதற்குள் கால் தானாகவே செருப்பை விட்டிருந்தது. ஹாரனைச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தான். ஸ்ப்ரேயையும் வைத்தான், கீழே விழுந்துவிடாமல் சுவரோரம் நேராக நிறுத்தினான். விருந்துக்கு வந்தவன் மாதிரி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, தன் வீட்டுக்குள் போனான்.

உள்ளே பேச்சு இல்லை. தேஜுவின் குரல் இல்லை. மணி ஒருதரம் அசைந்தது.

கதவு அதே ஒரு சாணில் இன்னும் திறந்திருந்தது.

"வாங்க," என்றது மறுபடியும். இந்தத் தடவை அவளை.

இந்துமதி செருப்பைக் கழற்றினாள்.