பாசிக்காரரின் மூன்று நிமிடங்கள்

கதவைத் தள்ளிக்கொண்டு மழையும் அவனும் ஒன்றாகத்தான் உள்ளே வந்தார்கள். மழை வாசலோடு நின்றுவிட்டது. அவன் நிற்கவில்லை. ஈரத் தரையில் கால் வழுக்கி, மேசைவரை சறுக்கி வந்து, கையிலிருந்த பாட்டில் தண்ணீரில் பாதியை அவள் முகத்திலும் மடியிலும் கொட்டினான்.

"சாரி... சாரிங்க. அது சாதாரணத் தண்ணி இல்ல. உப்புத் தண்ணி."

"தெரியுது. வாய்க்குள்ளயும் போச்சு."

அவன் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அவன் அதைக் கழற்றித் துடைத்தபோதுதான் அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். பெரிய கண்கள்... திட்டு வாங்கக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பையனின் கண்கள். திட்டுவதற்காகத் திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

அலங்கார மீன் கடையில் தண்ணீர் சோதிப்பது அவள் வேலை. வாடிக்கையாளர்கள் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவருவார்கள். அவள் அதைச் சோதனைக் குழாயில் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, வரும் நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, தொட்டிக்கு என்ன கோளாறு என்று சொல்வாள்.

"வாங்கி ரெண்டு மாசம்தான் ஆச்சு. முதல்ல மணல் முழுக்க பழுப்பா படிஞ்சுது. இப்ப பாறை மேல எல்லாம் பச்சையா, நீள நீளமா முடி..." அவன் தன் முன்நெற்றியைத் தடவிக்கொண்டான். "எனக்கு உதிருது, அதுக்கு முளைக்குது."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேள்விகளைத் தொடங்கினாள். விளக்கு எத்தனை மணி நேரம்? எந்தத் தண்ணீர்? எத்தனை மீன்? எவ்வளவு தீனி? யார் வந்தாலும் ஐந்து கேள்வி கேட்பாள். அன்று நான்கோடு நிறுத்திக்கொண்டாள். ஐந்தாவது நாக்கு நுனிவரை வந்து, ஏனோ திரும்பிப் போய்விட்டது.

"புதுக் கடல் தொட்டியில பாசி வர்றது சகஜம்தான். மிச்சத் தீனி அழுகினா அதுக்கு விருந்து. ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகைக்கு மேல போடாதீங்க. வாராவாரம் கொஞ்சம் தண்ணி மாத்துங்க. பொறுமை வேணும்."

"எவ்வளவு?"

"இப்போதைக்கு மூணு நிமிஷம். நிறம் வரணும்."

அந்த மூன்று நிமிடத்தில், அவன் இரண்டு தெரு தள்ளி மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பதும், நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்ப்பதே அவன் பிழைப்பு என்பதும் தெரிந்தது. குழாயில் நிறம் அடர் ரோஜாவாக ஏறியது. தண்ணீர் மோசம்தான். அவளுக்கென்னவோ அந்த நிறம் அன்று அழகாகத் தெரிந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் வந்தான். கடையில் அவனுக்குப் 'பாசிக்காரர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவன் அவளைத் 'தண்ணி டாக்டர்' என்றான். வாரம் மூன்றே நிமிடம். அதற்குள் எவ்வளவோ பேச்சு... ரோஜா நிறம்தான் வாராவாரம் வெளுத்துக்கொண்டே வந்தது.

ஆறாவது வாரம் குழாய் ஏறக்குறையத் தெளிவாகவே நின்றது.

"நல்ல சேதி. இனிமே மாசம் ஒரு தடவை வந்தாப் போதும்."

"நல்ல சேதிதான்..." என்றான் அவன், துக்கம் விசாரிக்க வந்தவன்போல.

அடுத்த சனிக்கிழமையே மீண்டும் வந்து நின்றான். பாசி திரும்பிவிட்டதாம். குழாயில் நிறம் குப்பென்று ஏறியது. அதற்கடுத்த வாரம் இன்னும் அதிகம்.

"தீனி அதிகமாப் போடுறீங்க."

"சத்தியமா ஒரு சிட்டிகைதான்."

"அப்படின்னா இவ்வளவு ஏறாதே."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"நான் சொல்லல. தண்ணி சொல்லுது. சொன்ன பேச்சைக் கேக்காதவருக்கு எதுக்குங்க தொட்டி?"

அவன் முகம் சிறுத்துப்போனது. பாட்டிலை மெதுவாக மூடினான். "அப்போ இனிமே தண்ணிகிட்டயே பேசிக்கோங்க..."

அடுத்த சனிக்கிழமை மழை வந்தது. அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அட்டையில் இருப்பதைத்தானே சொன்னேன் என்று அவள் தனக்குத்தானே வாதாடிக்கொண்டாள். ஆனாலும் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் கண் அங்கேதான் ஓடியது.

மூன்றாவது சனிக்கிழமை, அறுபது வயதுள்ள ஓர் அம்மா வந்தார். கையில் அதே பாட்டில். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் அதே பெரிய கண்கள்.

"நீதானேம்மா தண்ணி டாக்டர்?"

அவள் எழுந்து நின்றாள்.

"பாசி வச்சிருக்கானே, அவனோட அம்மா நான். நாளைக்குத் தொட்டியையே காலி பண்ணப்போறேங்கிறான். எனக்கு மனசு கேக்கல." அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "தீனி போட்டது நான்தாம்மா."

"நீங்களா?"

"சனிக்கிழமை ஆனா போதும், அவன் ஷேவ் பண்ணி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, பாட்டிலைத் தூக்கிட்டுக் கிளம்புவான். திரும்பி வந்தா வீடே சிரிப்பா இருக்கும். ஒரு நாள் வந்து, 'பாசி போயிடுச்சும்மா, இனி வாராவாரம் போக வேணாம்'னான். அன்னைக்குச் சாப்பிடக்கூட இல்ல. அதான்... தினம் ரெண்டு கை அள்ளிப் போட்டுட்டேன். அவனுக்குத் தெரியாது."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முதல் நாள் விழுங்கிய அந்த ஐந்தாவது கேள்வி இப்போது தொண்டையில் முள்ளாய்க் குத்தியது. அதை மட்டும் கேட்டிருந்தால்...

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, வெளியே பெய்துகொண்டிருந்த மழையில் இறங்கி நடந்தாள்.

கண்ணாடிக் கடையில் அவன் தனியாக இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். முகத்தில் ஒரு நொடி வெளிச்சம்... உடனே அதை அணைத்துக்கொண்டான்.

"சொல்லுங்க."

"கண்ணாடி மாத்தணும்," என்றாள், வாயில் வந்ததை.

"நீங்க கண்ணாடியே போடலையே."

"அதான் அட்டையைத் தப்பாப் படிச்சுட்டேன் போல."

அவன் கண்ணுக்கு அளவெடுக்கும் சின்ன அளவுகோலை எடுத்தான். எதிரே அமர்ந்து, அவள் புருவத்துக்குக் கீழே அதைப் பிடித்தான். "நேரா என்னைப் பாருங்க."

பார்த்தாள். இவ்வளவு அருகில், மேசை இல்லாமல், குழாய் இல்லாமல்...

"அம்மா கடைக்கு வந்தாங்க. தீனி போட்டது அவங்கதானாம். பாசி போயிட்டா நீங்க கடைக்கு வர மாட்டீங்களேன்னு..."

அளவுகோல் கீழே இறங்கியது. "அம்மாவா?" அவன் காது மடல் சிவந்தது. "ஐயோ... இப்படி மானத்தை வாங்கிட்டாங்களே."

"தப்பு என் பேர்லதான். தண்ணி பொய் சொல்லல, நீங்களும் சொல்லல. வர்றவங்க எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேப்பேன். உங்ககிட்ட மட்டும் கேக்கல."

"என்ன கேள்வி?"

"'வீட்டுல வேற யார் தீனி போடுவாங்க?'"

"அதை ஏன் கேக்கல?"

அவள் தலை குனிந்தாள். "'என் மனைவி'ன்னு நீங்க சொல்லிட்டா..."

வெளியே மழை கொஞ்சம் அடங்கியது. அவன் அளவுகோலை மேசைமேல் வைத்தான்.

"இப்ப கேளுங்க."

"வீட்டுல... வேற யார் இருக்காங்க?"

"அம்மா மட்டும்தான். இன்னொருத்தர் வரணும்னு நான் ரெண்டு மாசமா நினைச்சுட்டிருக்கேன். அவங்க வந்தா தீனி டப்பாவை அவங்க கையில ஒப்படைச்சுடுவேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. முதல் நாள், உப்புத் தண்ணி வாய்க்குள்ள போச்சுன்னு சொன்னீங்களே, அப்பவே பிடிச்சுப்போச்சு. நீங்க என்ன சொல்றீங்க?"

"மூணு நிமிஷம் குடுங்க..."

"எதுக்கு?"

"நிறம் வரணும்."

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. அவள் கன்னத்தைப் பார்த்தான். அட்டையோடு ஒப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"வந்துடுச்சு," என்றான் மெதுவாக.