நடக்காத குற்றம்

பள்ளிக்கூடமானாலும் மருத்துவமனையானாலும், முகத்தை அடையாளம் கண்டு திறக்கும் இயந்திரக் கதவான முகவாயில் பிலோமினாவைப் பார்த்ததும் "குற்றவாளி" என்று ஊருக்கே கேட்கும்படி அறிவித்துவிட்டுத்தான் திறந்தது. பொதுமக்கள் பாதுகாப்புக்காகவாம். நன்றாகப் பேருந்து ஓட்டத் தெரிந்தவளுக்கு அந்த ஒரு சொல்லால் உரிமம் கிடைக்காமல் போயிற்று.

அவள் செய்தது இதுதான். பெருவெள்ளத்தின்போது தாமரைநகர்த் தெரு கூரை வரை தண்ணீரில் நின்றது. வடிகால் மதகைத் திறக்க மேலிடத்து உத்தரவு வந்தபாடில்லை. பிலோமினா பூட்டை உடைத்துத் திறந்துவிட்டாள். தெரு பிழைத்தது, அவளுக்கு அரசுச் சொத்தைச் சேதப்படுத்திய குற்றத்துக்குச் சிறை. கூரைமேல் நின்று கும்பிட்டவர்களில் ஒருவர்கூடச் சாட்சி சொல்ல வரவில்லை.

விடுதலையானதும் பதிவுநீக்க அலுவலகத்துக்குப் போனாள். அங்கே அதிகாரியாக இருந்த குணசீலனும் அன்று தாமரைநகர்க் கூரைமேல் நின்றவர்தான். பதிவை மூடி முத்திரையிடலாம், ஆனால் முகவாயில்கள் மோப்பம் பிடித்துவிடும் என்றார். மறுவிசாரணை கேட்கலாம், அதற்குப் புதிய சாட்சி வேண்டும் என்றார். இதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மிச்சமிருந்தது முழு நீக்கம். தடநீக்கி என்ற இயந்திரத்திடம் கொடுத்தால், சட்டத்தின் கண்ணில் அந்தச் செயல் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

"நடந்துச்சு சார். ஆனா அது குத்தமில்ல. அப்படி எழுத ஒரு மிஷினும் இல்லையா?"

இல்லை என்றார். மனமில்லாமல் சம்மதித்தாள்.

பழைய முறையில் எவ்வளவு அழித்தாலும் ஏதாவது ஒரு மூலையில் மிச்சம் ஒட்டியிருக்கும். வேலை கொடுப்பவர்கள் தோண்டி எடுத்துவிடுவார்கள். தடநீக்கி அப்படி விடாது. நீக்கிய செயலால் விளைந்தவற்றையெல்லாம் தேடிப் பிடித்து, அரசின் எல்லாப் பதிவுகளையும் அதற்கேற்பத் திருத்திவிடும். கண்டுபிடித்தவருக்கு விருதுகூடக் கொடுத்தார்கள்.

மறுநாள் முகவாயில்கள் வாயை மூடிக்கொண்டன. உரிமம் வந்தது, ஓட்டப் பேருந்தும் கிடைத்தது. பிலோமினாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதே வாரம் குணசீலனுக்கு அவருடைய அலுவலகக் கதவே திறக்க மறுத்தது. மதகு திறக்கப்படவில்லை என்றால் தண்ணீர் வடிந்திருக்காது. வடியவில்லை என்றால் தாமரைநகரில் யாரும் பிழைத்திருக்க முடியாது. இயந்திரம் சரியாகத்தான் யோசித்திருந்தது. தெரு முழுவதும் வெள்ளத்தில் இறந்ததாகப் பதிவாகிவிட்டது. கடைகள் சாமான் தரவில்லை, மருத்துவமனை உள்ளே விடவில்லை.

தெருவே திரண்டு பேருந்துப் பணிமனைக்கு வந்தது. நீக்கியதைத் திருப்பிக் கொண்டுவர பிலோமினாவின் சம்மதம் வேண்டும். பழைய தண்டனையை மறுபடி ஏற்றுக்கொண்டால் போதும் என்று குணசீலன் கெஞ்சினார். உரிமம் பறிபோகும் என்பதை அவர் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும்.

"பூட்ட உடைச்சது நான்தான்னு எங்க வேணா சொல்றேன் சார். குத்தவாளின்னு மட்டும் சொல்ல மாட்டேன். மறுவிசாரணை கேளுங்க. நீங்க எல்லாரும் வந்து சாட்சி சொல்லுங்க."

"செத்தவங்க சாட்சி செல்லாதேம்மா," என்றார் குணசீலன் தணிந்த குரலில்.

"உயிரோட இருந்தப்ப மட்டும் வந்தீங்களா?"

இறந்தவர்களைப் பேருந்தின் முகவாயிலும் ஏற்றாது. பிலோமினா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கைப்பிடியை இழுத்துக் கதவைத் தானே திறந்தாள்.

"ஏறுங்க. கோர்ட்டு வாசல் வரைக்கும் நான் கொண்டு விடறேன். வாயத் திறக்கறது உங்க பாடு."