ஐந்து கட்டை

பின்பாட்டு முந்திக்கொண்டு வந்தது. முனீஸ்வரிக்கு அதுதான் முதலில் உறைத்தது. பின்பாட்டுப் பாடுகிற ஆள் செத்து நாற்பது நாள் ஆகிவிட்டது என்பது பிறகுதான் உறைத்தது.

ராஜபாளையத்தில் மில் சுவருக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. பட்டப்பகல். தகரக் கூரை வெயிலில் முறுகும் சத்தம், அடுப்பில் கொதிக்கிற உலை, சுவர் தாண்டி வரும் எண்ணெயும் பஞ்சும் கலந்த புழுங்கல் நாற்றம், அதற்கெல்லாம் அடியில் மில்லின் ஓயாத இரைச்சல். எல்லாம் தினமும் உள்ளதுதான்.

நான்கு மணிக்குப் பிரேம்குமார் வருவான். நாடகங்களுக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜெண்ட். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் அம்மன் கோயில் பொங்கலுக்கு அவள்தான் ஸ்திரீபார்ட் என்றிருந்தான். காலையில் போனில் பேச்சு மாறிவிட்டது.

"ஒங்க தொண்ட போயிருச்சுன்னு பேசிக்கிடுதாக அக்கா. அஞ்சு கட்டை சுதியில ஒரு விருத்தம் பாடிக் காட்டுங்க, அம்புட்டுதான். ஏலலைன்னா சொல்லிருங்க. வேற பிள்ள ரெடியா இருக்கு."

ஏலாது என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி மில்தான். பதினாறு வயதிலிருந்து பன்னிரண்டு வருடம் ஸ்பின்னிங் மிஷின் முன்னால் நடந்து நடந்து அறுந்த இழைகளை ஒட்டியவள். அந்த இரைச்சலுக்கு மேல் கத்திப் பாடித்தான் குரல் ஏறியது. அப்புறம் இருபது வருடம் மேடை. இப்போது நெஞ்சில் பஞ்சுத்தூசி இறுகிவிட்டது, இனி பாடாதே என்று டாக்டர் சொல்லியாயிற்று.

மேடையில் அவள் சனத்தைப் பார்த்து நிற்பாள். முதுகுக்குப் பின்னால் இசக்கிமுத்து ஆர்மோனியத்தோடு இருப்பார். அவள் வரியை முடித்து மூச்சு வாங்குகிற இடத்தில் அதே வரியை அவர் எடுத்துப் பாடுவார். ஒருநாளும் முந்தியதில்லை. வெற்றிலை வாயோடு அதைச் சொல்லிச் சிரிப்பார்.

"ஏட்டி, என் பாட்டு உனக்கு முன்னால வந்துச்சுன்னா, உன் கட்டை சாஞ்சிருச்சுன்னு வச்சுக்கோ."

அவருடைய ஆர்மோனியப் பெட்டி இப்போது இந்த அறையின் மூலையில் இருக்கிறது. அவிய இல்லாத வீட்டில் இது கிடந்தால் தூக்கம் வரவில்லை என்று அவர் மனைவி வெள்ளத்தாய் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள்.

பாடிப் பார்க்க நின்றிருந்த முனீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். பெட்டி மூடியிருந்தது. துருத்தியின் கொக்கி மாட்டியிருந்தது. பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று நினைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்தாள். மில் மட்டும்தான் இரைந்தது.

மறுபடி பெட்டிக்கு முதுகு காட்டி நின்று, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள்.

வரி பின்னாலிருந்து வந்தது. இந்தத் தடவை ஆண் குரல் இல்லை. கபமில்லாத, கம்பி போன்ற ஐந்து கட்டைக் குரல். அவளுடையது. இருபது வருடத்துக்கு முந்தையது. அவள் வாயிலிருந்து காற்று மட்டும் போனது.

நாக்கில் ஏதோ ஊர்ந்தது. நூல்முனை. முனை கண்டால் பிடிக்கிற கை அவளுடையது, யோசிப்பதற்குள் இழுத்துவிட்டது. வந்தது. வெள்ளையாக, ஈரமாக, பிசிறில்லாமல் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முழத்துக்கும் பின்னால் குரல் ஒரு படி ஏறியது. நெஞ்சுக்குள் எதுவோ உருண்டு சுற்றவிழ்ந்தது.

பல்லால் கடித்தாள். நூல் அறுந்தது. பாட்டு நின்றது.

ஒரு முனை உதட்டில் ஒட்டியிருந்தது. மற்றது தரையில் கிடந்தது. அப்பாடா என்று சொல்லப் பார்த்தாள். வரவில்லை. இருமிப் பார்த்தாள். அதற்கும் சத்தமில்லை. சுவரில் கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது.

குரல் இல்லை. இன்னும் கால் மணி நேரம்.

அறுந்ததைக் கண்டால் ஒட்டத்தான் தெரியும் அவள் விரல்களுக்கு. இரண்டு முனைகளையும் எடுத்தன. நனைத்தன. கட்டைவிரலில் வைத்து ஒரு முறுக்கு.

ஒட்டிக்கொண்டது.

உடனே அந்தப் பக்கமிருந்து இழுத்தது.

தரையில் கிடந்த நூல் விறைத்து எழுந்தது. அதன் மறுமுனை பெட்டியின் இடுக்குக்குள் போயிருந்தது. கடிக்கப் பார்த்தாள். வாய் மூடவில்லை. கையால் பிடித்தாள். உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. கொக்கி தானாகக் கழன்றது. துருத்தி விரிந்தது. பாட்டு தொடங்கியது.

வெளியே பைக் வந்து நின்றது. கதவருகே செருப்புச் சத்தம். அப்புறம் அசையாமல் நின்று கேட்கிற அமைதி.

"யாத்தே, என்ன குரலு" என்றான் பிரேம்குமார். "போதும்க்கா. பொங்கலுக்கு நீங்கதான்."

பாட்டு நிற்கவில்லை.

"அக்கா, கேட்டுட்டேன். செத்த மூச்சு வாங்குங்க."

துருத்தி ஏறி இறங்கியது. அவள் நெஞ்சு ஏறவில்லை. விலா ஒட்டியது. வயிறு ஒட்டியது. கண் மட்டும் கதவைப் பார்த்தபடி. நூல் ஓடிக்கொண்டிருந்தது.