எதிரணி எந்த ஊரு?

மைதானத்தில் இருபத்திரண்டு பெண்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பார்க்க வந்தது நான்கே நான்கு. அதில் ஒன்று ஆடு.

தீபலட்சுமி அந்த ஆட்டை முறைத்தாள். அதுவும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் முளைத்திருந்த புல்லை மேய்ந்துகொண்டிருந்தது.

மணி இரண்டரை. காலாண்டு விடுமுறை வெயில் மண்டையைப் பிளந்தது. அவளுடைய அக்கா சத்தியப்பிரியா பந்தோடு ஓடினாள். மூன்று பேரை ஏமாற்றி, நான்காவது ஆளையும் தாண்டி, கோல் போட்டாள். தீபலட்சுமி தன்னால் முடிந்த மட்டும் கை தட்டினாள். ஒரு ஜோடிக் கை தட்டினால் எவ்வளவு சத்தம் வரும்? அத்தனை பெரிய மைதானத்தில் அது கொசு அடிக்கிற சத்தம் மாதிரிதான் கேட்டது.

பந்தல் நிழலில் போட்டிக் குழுச் செயலாளர் முத்துக்கண்ணன் உட்கார்ந்திருந்தார். கையில் இளநீர். பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல? பொண்ணுக ஆடுற ஆட்டத்துக்கு ஆள் வராது. வர்ற திங்கட்கிழமை கடைசி ஆட்டம். அன்னைக்கும் இப்படியே கிடந்துச்சுன்னா, அடுத்த வருசம் பொண்ணுக பிரிவே வேணாம். எடுத்துருவோம்."

தீபலட்சுமிக்குக் காது சுட்டது. நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"சார், மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆட்டத்த வச்சா யாரு சார் வருவாக?"

"சாயங்காலம் பசங்க ஆடணும்ல பாப்பா?"

"பசங்களுக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், மதுரை டீமோட. எங்க அக்காவுக்குக் கொள்ளிவெயில்ல, பேரு தெரியாத டீமோட. எல்லாத்தையும் நீங்களே வச்சுட்டு, கூட்டம் வரலைன்னு எங்க அக்கா மேல பழியப் போடுறீகளே!"

முத்துக்கண்ணன் இளநீரை உறிஞ்சினார். "வெயிலு தலைக்கு ஏறிருச்சு போல. போயி நிழல்ல உக்காரு பாப்பா."

பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா? ஒருவன் தலையில் ரெண்டு மூட்டையை ஏற்றிவிட்டு, இன்னொருவனை வெறுங்கையோடு நடக்கவிட்டு, "நீ ஏன்டா பின்னாடி வர்ற?" என்று மூட்டைக்காரனைக் கேட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்? தீபலட்சுமிக்கு அப்படித்தான் இருந்தது. அவள் அப்பா சின்னக்கருப்பு காரைக்குடிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அதனால் மூட்டையின் கனம் அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த அக்கா முழங்கால் சிராய்ப்பைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "பிரிவை எடுத்துட்டா எங்களுக்கு ஆட வேற போட்டியே இல்லடி. அப்புறம் டீமையும் கலைச்சுருவாக."

அவள் அழவில்லை. தண்ணீரை மட்டும் மறுபடி மறுபடி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் கூட்டத்தக் கூட்டியாரேன்" என்றாள் தீபலட்சுமி.

"நீயா?"

"நானேதான்."

மறுநாள் காலையிலேயே தெருவில் இறங்கிவிட்டாள். வீடு வீடாகப் போய், "திங்கட்கிழமை எங்க அக்கா ஆடுறா, பாக்க வாங்க" என்று கூப்பிட்டாள். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"யாரு கூட ஆட்டம்?"

"சிவகங்கைக் கல்லூரி கூட."

"ஓ" என்பார்கள். அவ்வளவுதான். கதவு சாத்திக்கொள்ளும்.

கடைசி வீட்டு அக்கம்மாள் அத்தை மட்டும் கொஞ்சம் நீட்டிப் பேசினார். "சிவகங்கைக் கல்லூரில எனக்கு யாரத் தெரியும்? ஊறப்போட்ட துணி அங்குட்டுக் கெடக்கு. நான் அதப் பாப்பேனா, உங்க அக்கா பந்து ஒதைக்கிறதப் பாப்பேனா?"

தீபலட்சுமி குழாயடியில் போய் உட்கார்ந்தாள். கோபத்தில் ஒரு கல்லை எடுத்துக் குட்டையில் எறிந்தாள். தண்ணீர் அவள் மேலேயே தெறித்தது.

முகத்தைத் துடைக்கும்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. போன வாரம் பசங்க சேலத்துப் பக்கத்து டீம் ஒன்றோடு ஆடினார்கள். அதுவும் சாயங்காலம்தான். அன்றைக்கும் மைதானம் காலியாகத்தான் கிடந்தது. மதுரை டீம் வந்த அன்றைக்கோ, மரத்து மேலெல்லாம் ஆள்.

அப்படியென்றால் கூட்டம் பசங்களைப் பார்க்கவும் வரவில்லை. எதிரில் யார் என்று பார்த்துத்தான் வருகிறது! அதைத்தான் எல்லா வீட்டிலும் கேட்டார்கள்.

'பொண்ணுக ஆட்டத்துக்கு ஆள் வராதாம்ல? அப்ப சேலத்து ஆட்டத்துக்கு ஏன் வரல? அதுக்காகப் பசங்க பிரிவை எடுக்கப் போறாராமா?' அவளுக்குக் கோபம் இரண்டு மடங்காயிற்று. ஆனால் கோபம் மட்டும் கூட்டத்தைக் கூட்டி வராதே.

அன்று சாயங்காலம் அம்மா பொன்னுத்தாயி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அக்கா போனில் யாரோடோ சிரித்துச் சிரித்துப் பேசினாள். வைத்ததும் அம்மா கேட்டார்.

"யாருடி அது?"

"நீலா, அம்மா. முழுப்பேரு நீலாயதாட்சி. சிவகங்கை டீம் கோல்கீப்பர். பயிற்சி முகாம்ல பழக்கம். ஒக்கூர்ப் புள்ள."

முறம் நின்றது.

"ஒக்கூரா? எங்க ஒக்கூரா? யாரு மக?"

"அவுக அப்பா டிராக்டர் ஓட்டுறாராம். வீட்டு வாசல்ல பெரிய வேப்பமரம் நிக்குதாம்."

"அடியாத்தி! நம்ம பாண்டியண்ணன் மகளா? தொட்டில்ல பாத்த புள்ள கோல் காக்குதா! ஆட்டம் எத்தன மணிக்கு? நான் வாரேன்."

தீபலட்சுமி வாயைப் பிளந்தாள். "அம்மா! சொந்த மக ஆடுறா, ஒரு நாளாவது வந்தியா? வெயிலு, வேலைன்னு சொன்ன?"

"இவ தினமும் வீட்டுலதான இருக்கா? அது பாவம், நம்ம ஊருல இருந்து தனியா வருது. பொறந்த ஊர விட்டுக் குடுக்க முடியுமா?"

"அப்ப எங்க அம்மா எதிரணிக்குக் கை தட்டுமா?" என்று அக்கா கத்தினாள்.

"பின்ன?"

அக்காவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனால் தீபலட்சுமி சிரிக்கவில்லை. அவள் தெருவை மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். அந்தத் தெருவில் இருக்கிற அம்மாக்கள், அத்தைகள், சித்திகள் யாருமே அந்தத் தெருவில் பிறக்கவில்லை. எல்லாரும் கல்யாணமாகி வந்தவர்கள். ஒக்கூரில் இருந்து, மதகுபட்டியில் இருந்து, நாட்டரசன்கோட்டையில் இருந்து.

"அக்கா, மத்தப் புள்ளைகளுக்கு எந்த ஊரு? கேட்டுச் சொல்லு!"

மறுபடி அக்கம்மாள் அத்தை வீட்டு வாசல். இந்தத் தடவை தீபலட்சுமி "வாங்க" என்று கூப்பிடவே இல்லை.

"அத்தை, மதகுபட்டிப் புள்ள ஒண்ணு இங்க ஆட வருது. பேரு கிருத்திகா. அதுதான் கேப்டனாம். எங்க அக்கா அதத் தாண்டி கோல் போடப் போறா."

துணி அலசிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார். "யாரத் தாண்டி? மதகுபட்டிக்காரியையா? உங்க அக்கா பந்தையே பாக்க மாட்டா, சொல்லிவை."

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "மதகுபட்டிக்கு என்ன தெரியும்? உங்க அண்ணன் சைக்கிள்ல இருந்து விழுந்ததுதான் தெரியும்!"

"எங்க அண்ணன இழுக்காதீக! திங்கட்கிழமை மைதானத்துக்கு வாங்க, பாப்போம்!"

"வராம? நம்ம காரைக்குடிப் புள்ளைகள நான் விட்டுருவனா?"

தீபலட்சுமி சத்தமில்லாமல் அடுத்த வீட்டுக்கு நழுவினாள். அங்கே நாட்டரசன்கோட்டைச் சித்தி இருந்தார்.

திங்கட்கிழமை காரைக்குடியில் சந்தை. ஊரே சந்தைக்குப் போய்விடும், மைதானம் சும்மா கிடக்கும் என்றுதான் முத்துக்கண்ணன் அந்த நாளைப் பெண்களுக்குத் தள்ளிவிட்டிருந்தார். ஆனால் சந்தை அவருக்குத் தெரியாது. தீபலட்சுமிக்குத் தெரியும். விடுமுறையில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிறவள் அவள்தான். மத்தியானம் வியாபாரம் படுத்துவிடும். விற்க வந்தவர்கள் தார்ப்பாய் நிழலில் கொட்டாவி விடுவார்கள். மறுபடி சாயங்காலம்தான் சூடு பிடிக்கும். மைதானமோ கூப்பிடு தூரம்.

அன்றைக்கு அவள் சோற்றுத் தூக்கை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கத்தரிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஐயா, நீங்க எந்த ஊரு?"

"ஒக்கூரு. ஏன் ஆத்தா?"

"உங்க ஊருப் புள்ள இன்னைக்குக் கோல் காக்குது. எங்க அக்கா அடிக்கிற அடியில பந்து வலையக் கிழிக்கும்."

"பாருய்யா, இந்தச் சுண்டைக்காய்க்கு வாயப் பாரு!" கத்தரிக்காய்க்காரர் எழுந்தார். "ஏய் தம்பி, கடையப் பாத்துக்க. ஒக்கூர்ப் புள்ளைய ஒத்தையில விட்டா நல்லாவா இருக்கும்?"

எதிரே வெற்றிலை விற்ற மதகுபட்டிக்காரர் காதிலும் விழுந்தது. அவரும் எழுந்தார். சின்னக்கருப்பு சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, மூட்டை தூக்குகிற கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தார். "ஏப்பா, இவுக இத்தன பேரு அங்குட்டுப் போனா நம்ம புள்ளைகளுக்கு யாரு இருக்கா? கெளம்புங்க!"

ரெண்டு மணிக்கு முத்துக்கண்ணன் பந்தலுக்கு வந்தபோது அவர் நாற்காலியில் ஒரு முருங்கைக்காய்க் கட்டு உட்கார்ந்திருந்தது. அதன் சொந்தக்காரி பக்கத்தில் நின்றாள். மைதானத்தைச் சுற்றிலும் சந்தைக் குடைகள். கம்பத்துக்குக் கம்பம் நீலத் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே பையும் கூடையுமாக ஆட்கள். ஒரு பக்கம் தெருவின் பெண்கள். எதிர்ப்பக்கம் அவர்களுடைய வீட்டுக்காரர்கள். நடுவில் பந்து.

"என்ன இது?" என்றார் முத்துக்கண்ணன்.

"கூட்டம் சார்" என்றாள் தீபலட்சுமி.

விசில் ஊதியது. சத்தியப்பிரியா பந்தை வாங்கினாள். மதகுபட்டிக் கிருத்திகா குறுக்கே வந்தாள். "விடாத கண்ணு!" என்று அக்கம்மாள் அத்தை கத்தினார். சத்தியப்பிரியா பந்தை வலதுகாலில் காட்டி இடதுகாலுக்கு மாற்றினாள். தாண்டிவிட்டாள். ஓங்கி ஒரு அடி. கோல்!

மூட்டை தூக்குகிறவர்கள் துண்டைச் சுழற்றினார்கள். எதிரணிப் பக்கம் உட்கார்ந்திருந்த பொன்னுத்தாயியும் துள்ளி எழுந்து கை தட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மறந்துட்டேன்" என்று சொல்லிக் கைகளைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டார்.

ஆட்டம் முடியப் போகிற சமயத்தில் கிருத்திகா ஒரு கோல் திருப்பிப் போட்டாள். கடைசியில் சத்தியப்பிரியா அடித்த பந்து மூலையைப் பார்த்துப் பறந்தது. நீலா பறந்துபோய் அதை விரல் நுனியால் தள்ளிவிட்டு, புழுதியில் உருண்டாள். மைதானமே எழுந்து நின்றது. யார் எந்த ஊர் என்று அந்த நேரம் யாருக்கும் நினைவில்லை. கத்தரிக்காய்க்காரரும் சின்னக்கருப்பும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் குதித்தார்கள்.

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் சமம்.

முத்துக்கண்ணன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! எங்கள் குழுவின் இடைவிடாத முயற்சியால் இன்று..."

"யாரு முயற்சி?" அக்கம்மாள் அத்தை இடுப்பில் கை வைத்தார். "எங்கள இழுத்துட்டு வந்தது இந்தா நிக்கிற தீபலட்சுமி! நீங்க எந்த வீட்டுக்கு வந்தீக?"

"அதோட, பொண்ணுக பிரிவ எடுத்துருவேன்னும் சொன்னாரு" என்றாள் தீபலட்சுமி.

"என்னது?" கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. முருங்கைக்காய்க்காரி கட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பிரிவ எடுக்கிறதா? யாரு சொன்னது? சேச்சே!" முத்துக்கண்ணன் நெற்றியைத் துடைத்தார். "அடுத்த வருசம் மட்டுமில்ல, எல்லா வருசமும் உண்டு. இப்ப ரெண்டு அணிக்கும் புள்ளி சமம். கோப்பை யாருக்குன்னு இன்னொரு ஆட்டம் வைக்கணும். நாளைக்கு மத்தியானம் ரெண்டு..."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம்" என்றாள் தீபலட்சுமி.

"அன்னைக்குப் பசங்க ஆட்டம் இருக்கே பாப்பா."

"அவுகள மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆடச் சொல்லுங்க."

பசங்க அணியின் கேப்டன் கதிரவன் பந்தல் ஓரத்தில்தான் நின்றான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆடுறோம் சார். ஆடிட்டு நாங்களும் உக்காந்து இந்த ஆட்டத்தப் பாக்குறோம்."

முத்துக்கண்ணன் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோய், ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை, சாயங்காலம்!"