வீட்டுக்கு நாலு வருஷம்

ஓடிக்கொண்டே கறுப்பு அங்கியை மாட்டினாள் வக்கீல் டயானா.

விழுப்புரம் கோர்ட். மாடிப்படி. இன்னும் சற்று நேரத்தில் தண்டனை.

கூண்டருகே இரண்டு பேர். துரைக்கண்ணு. அவன் மனைவி பானுப்ரியாவின் தம்பி ஆனந்தராஜ்.

கெடார், முகையூர், ஓமந்தூர்... மூன்று ஊர், மூன்று வீடு, மூன்று கொள்ளை. குற்றவாளிகள் என்று காலையிலேயே தீர்ப்பாகிவிட்டது.

டயானா மூச்சு வாங்கினாள்.

"தண்டனையைப் பத்தி என்ன சொல்றீங்கன்னு ஜட்ஜ் உங்களையே கேப்பார். மூணையும் ஒண்ணா அனுபவிக்கிறோம்னு கெஞ்சுங்க. வீட்டுக்கு நாலு வருஷம்னு போட்டாக்கூட நாலே வருஷத்துல வெளிய வந்துடலாம்."

"இல்லன்னா?" என்றான் துரைக்கண்ணு.

"ஒண்ணு முடிஞ்சி ஒண்ணு. பன்னெண்டு."

துரைக்கண்ணு மச்சானை முழங்கையால் இடித்தான்.

"ரெண்டு பேருக்கும் சேத்து நீயே அழுதுடுடா மச்சான். எனக்கு அழுகை வராது. ஜல்தி வெளிய போவணும். நாம திண்டிவனம் லாட்ஜுல இருக்கோம்னு போலீசுக்கு போன் பண்ணவ ஒங்கக்காதான். போன அன்னிக்கே அவளுக்குப் பால் ஊத்தறேன்."

ஆனந்தராஜ் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்காவின் உடைந்த பல்லைப் பார்த்த நாளிலிருந்து அவன் முகம் அப்படித்தான்... மரத்துப் போய்.

நீதிபதி நிமிர்ந்தார்.

"தண்டனை பத்தி ஏதாவது சொல்லணுமா?"

"ரெண்டு பேருக்கும் சேத்து நான் சொல்றேன் அய்யா," என்றான் ஆனந்தராஜ். "கெடாருல அழுதவங்க வேற. முகையூருல அழுதவங்க வேற. ஓமந்தூருல இவரு அடிச்சதுல கை ஒடிஞ்ச அந்தம்மா வேற. எல்லாரும் தனித்தனியாத்தான் அழுதாங்க. தனித்தனியாவே எழுதுங்க."

டயானா கண்களை மூடிக்கொண்டாள்.

"அய்யா... இவன் லூசுங்கய்யா," துரைக்கண்ணு பதறினான்.

நீதிபதி எழுத ஆரம்பித்திருந்தார்.

வீட்டுக்கு நாலு வருஷம். ஒன்று முடிந்த பிறகே அடுத்தது. இருவருக்கும்!

ஜெயில் வேன் கிளம்பியது.

"ஏன்டா... நீயும்தானடா உள்ள கெடக்கப் போற?" என்றான் துரைக்கண்ணு.

"கெடக்கறேன். அதுவரைக்கும் அக்கா கதவைத் தொறந்து வெச்சிக்கினு தூங்கும்."

"அவள விட மாட்டேன்டா. போன் பண்ணவ அவ..."

"அக்கா பண்ணல மாமா."

"பின்ன?"

"நானு."

துரைக்கண்ணு அவன் பக்கம் திரும்பினான்.

ஆனந்தராஜ் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"நீ தேடிக்கினு அலைய வேணாம் மாமா... பன்னெண்டு வருஷமும் பக்கத்துப் பாயிலதான் படுத்துக்கினு இருப்பேன்."