ஹானாவுக்கு அடித்த மணி

தன் சாவு மணியைத் தன் காதாலேயே கேட்டுவிட்டு வந்தவளுக்கு என்ன ஆறுதல் சொல்வது? வில்டா நூலகத்துக்குள் வந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை.

கார்னெட் ஃபெர்ரியில் யாராவது இறந்தால் பழைய நகர மன்றக் கோபுரத்தில் மணி அடிப்பார்கள். ஆணுக்கு ஒன்பது, பெண்ணுக்கு ஆறு. சற்று நிறுத்தி, வயதுக்கு ஒன்றாக அத்தனை அடி. ஊரே கைவேலையைப் போட்டுவிட்டு எண்ணும். அன்று காலை பத்து மணிக்கு முதலில் ஆறு, பிறகு அறுபத்தொன்று. ஆனால் ஊரில் யாரும் சாகவில்லை. கோபுரக் கதவும் பூட்டித்தான் இருந்தது.

ஊர் அருங்காட்சியகம் வில்டாவின் பொறுப்பு. மறுநாள் வெள்ள நினைவு விழா. 1881 வெள்ளத்தில் மணியடித்து ஊரை எழுப்பியவர் ஜோசையா ப்ரூவிட் என்று சிலையே வைத்திருக்கிறார்கள். அடித்தது அவரில்லை, ஹானா டோர்ஸ்ட் என்ற சலவைக்காரி என்று ஒரு பழைய கடிதம் சொன்னது. அதை விழாவில் வாசிப்பதாக இருந்தாள் வில்டா.

"இது எனக்கு விட்ட மிரட்டல், கஸ். கடிதத்தைப் பெட்டியிலயே போட்டுடறேன். எனக்கு உயிர் பெருசு."

கஸ் ஓய்வு பெற்ற ஷெரீஃப். அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். நூலகத்தில் வேலை பார்க்கும் ஆர்லீன் அவருக்கு நேர்மாறு. மணியடித்து மிரட்டியது ஜோசையாவின் கொள்ளுப்பேரன் ஆர்வில்தான் என்று அடித்துச் சொன்னாள். கோபுரக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பவர் அவர். கதவுச் சாவியும் அவரிடம்தான். மரியாதைக்காக வில்டா அந்தக் கடிதத்தை அவரிடம் மட்டும் காட்டியிருந்தாள்.

"உனக்கு வயசென்ன வில்டா?" என்றார் கஸ்.

"அறுபது. போன மாசம் பேப்பர்லகூடப் போட்டாங்களே. ஒண்ணு தப்பா எண்ணிட்டான் போல."

இந்த ஊரில் அடுத்தவர் வயதை ஒன்று கூட்டிச் சொல்ல ஆளே கிடையாது. கஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு லூத்தரன் தேவாலயத்துக்கு நடந்தார்; பெண்கள் இருவரும் பின்னாலேயே போனார்கள். 1881 சாவுப் பதிவேட்டில் வெள்ளத்தில் போனவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேருக்கு எதிரே எத்தனை மணி அடித்தார்கள் என்று எழுதியிருந்தது. ஒன்பதாவது வரி: ஹானா டோர்ஸ்ட், வயது 61. அதற்கு எதிரே ஒன்றுமில்லை.

அங்கிருந்து மூவரும் ஆர்வில் வீட்டுக்குப் போனார்கள். அடுப்பு எரிகிற சமையலறையில் அவர் கம்பளிக் கையுறையோடு உட்கார்ந்திருந்தார். கழற்றச் சொன்னார் கஸ். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்து ரத்தம் கட்டியிருந்தது.

"மிரட்டறவன் வில்டாவோட வயசைத்தான் அடிச்சிருப்பான்," என்றார் கஸ். "நீ அடிச்சது ஹானாவோட வயசு. அவளுக்கு மட்டும் அன்னைக்கு மணி அடிக்கலை. அடிச்சிருந்தா அவ எங்க செத்தான்னு ஊர் கேட்டிருக்கும்."

ஆர்வில் மறுக்கவில்லை. "கயித்தைப் பிடிச்சபடியே செத்துக் கிடந்தா. எங்க கொள்ளுத்தாத்தா அவ விரலைப் பிரிச்சு எடுத்துட்டு, நான்தான் அடிச்சேன்னுட்டாரு. கடிதம் எழுதினது அவர் பொண்டாட்டியேதான். நாளைக்கு ஊர் எங்க மூஞ்சில காறித் துப்பும், துப்பட்டும். அதுக்கு முன்னால அவளுக்குச் சேர வேண்டியதை என் கையால செஞ்சுடணும்னு தோணிச்சு."

வில்டா வெட்கிப் போனாள். அவரைத் தப்பாக நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். ஆர்வில் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"முழுசா முடியலை கஸ். அம்பத்தெட்டோட கை கிழிஞ்சுபோச்சு. விட்டுட்டேன்."

ஆர்லீன் எண்ணியிருந்தாள். ஊரே எண்ணியிருந்தது. அறுபத்தொன்று.

"மணி ஆடின வேகத்துல..." என்று தொடங்கினார் கஸ்.

"அது ஆடி நின்னப்புறம்தான் இறங்கினேன். கதவைப் பூட்டும்போது மேல மூணு கேட்டுது."

எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லும் கஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது, யாரும் எழவில்லை.

வில்டா கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் பிரித்து வைத்தாள்.

"நாளைக்குப் படிக்கிறேன்," என்றாள்.

அவள் பார்வை ஜன்னலுக்கு வெளியே கோபுரத்தின் மேல் இருந்தது.