ஒருத்திக்கு மட்டுமான உலகப் பட்டம்

காசிமேட்டில் அந்த வாரம் குத்துச்சண்டையில் உலக சாம்பியனான மூன்றாவது ஆள் சலோமி. பட்டத்தைச் சுமந்துகொண்டு பறவை வடிவில் ஒரு பறக்கும் பொறி ஜன்னல் வழியே மிதந்து வந்தது. பட்டம் என்பது பச்சை ஒளியால் நெய்த கச்சை. அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டதும் தூங்கும் பூனைபோல மெல்ல ரீங்கரித்தது.

"நான் எப்போ சண்ட போட்டேன்?" என்றாள் சலோமி.

அவள் கணவன் அந்தோணிதாஸ் சுவர்த்திரையில் வந்த அறிவிப்பைப் படித்தான். "சண்டையே தேவையில்லியாம். உன் பிரிவுல உன்னத் தவிர வேற யாரும் இல்லியாம்."

முன்பொரு காலத்தில் சண்டை வளையத்துக்குள்ளேயே ஒருவன் அடிபட்டு இறந்துபோனான். அதன் பிறகுதான் சமமானி என்ற கருவியைக் கண்டுபிடித்தார்கள். அதன் ஒளிவளையத்துக்குள் ஒருவர் நின்றால் போதும். எலும்பின் அடர்த்தி, மூச்சின் ஆழம், அடி விழும்போது மண்டைக்குள் மூளை எவ்வளவு அசையும் என்பது வரை அது படித்துவிடும். அளவுகள் ஒத்துப்போகிற இருவர் மட்டுமே மோதலாம். அதன் பிறகு சண்டையில் ஒரு உயிர்கூடப் பறிபோகவில்லை. சமமானியைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஆனால் கருவி கூர்மையாகக் கூர்மையாக ஒரு பிரிவு இரண்டாகும், இரண்டு நான்காகும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு உலகப் பட்டம். உலகமே ஒரு சாம்பியனின் பெயரைச் சொல்லிய காலம் போய், தெருவுக்குத் தெரு சாம்பியன்கள் வந்தார்கள். பேருந்தில் சாம்பியன்களுக்கென ஒதுக்கிய இருக்கைகளைப் பிறகு எடுத்துவிட்டார்கள். வேறு யாரும் உட்கார முடியவில்லை.

போன மாதம் வரை சலோமியின் பிரிவில் இரண்டு பேர் இருந்தார்கள். மற்றவள் தூத்துக்குடி நாச்சியார். இருவரும் நேரில் சந்தித்ததில்லை. ஆனால் நாச்சியாரின் பயிற்சிப் பதிவுகளை ஓயாமல் பார்த்ததில், குத்துவதற்கு முன் அவளது இடது தோள் லேசாக இறங்குவதுகூட சலோமியின் கனவில் வந்தது. கனவில் அவர்கள் கடலுக்கு மேல் நின்று சண்டை போட்டார்கள். விழுந்த அடி ஒவ்வொன்றும் தண்ணீரில் வட்டமாக விரிந்தது. சண்டைக்கு நாளும் குறித்தாயிற்று. அப்போது பார்த்துச் சமமானியை இன்னும் கூர்மையாக்கினார்கள். நாச்சியாரின் நாடித்துடிப்பு ஒரு இமைப்பொழுது சீக்கிரம் அடங்குகிறதாம். பிரிவு இரண்டானது. சண்டை ரத்தானது. ஒரே காலையில் இருவரும் உலக சாம்பியன்கள்.

பட்டத்தைத் தக்கவைக்கக் குத்துச்சண்டை மன்றம் ஒரு எதிராளியையும் தந்தது. பனிநிழல் என்று பெயர். வெண்மூட்டத்தால் ஆன சலோமியே எதிரே நிற்பாள். இவள் குனிந்தால் அவளும் குனிவாள். குத்தினால் கை ஈரமாகும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் சமன். ஒவ்வொரு முறையும் பட்டம் இவளுக்கே. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று, வந்திருப்பது தானா பனியா என்று கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துக்கொள்வாள்.

ஒரு விடியலில் அழைப்பு வந்தது. "அக்கா, நான் நாச்சியார் பேசுதேன். ரயில்வே ஸ்டேஷன்ல வந்து நிக்கேன். வீட்டுக்கு எப்படி வரணும்?"

வந்தவள் நெடுநாள் பழகியவள்போலத் தரையில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள். குடித்து முடித்துத்தான் சொன்னாள்: "எனக்கு அந்தப் பனிகூட அடிச்சு அடிச்சு அலுத்துப்போச்சுக்கா. நாம ரெண்டு பேரும் ஒரு தடவ மோதிருவமா?"

அந்தோணிதாஸ் பதறினான். "அந்த மெஷின் சும்மா ஒண்ணும் பிரிச்சு வைக்கல. எதுனா ஆயிடுச்சின்னா?"

"ஆவட்டும்யா," என்றாள் சலோமி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "பயமா இல்லன்னு சொல்லல. ஆனா இத்தினி வருசம் ஓடினேன், வயித்த கட்டினேன். நான் நல்லா ஆடுறவளா இல்லியான்னு இன்னிக்கி வரைக்கும் எனக்கே தெரியல. இவளாலதான் அத்த சொல்ல முடியும்."

அந்தோணிதாஸ் எழுந்து சட்டையை மாட்டினான். பிறகு தான் வேலை பார்க்கும் ஐஸ் ஃபேக்டரியின் சாவியை எடுத்தான்.

ஃபேக்டரிக்குள் பனிக்கட்டிகளிலிருந்து எழுந்த புகை முழங்கால் வரை மிதந்தது. கூரையின் ஓட்டை வழியே காலை வெயில் சாய்ந்து இறங்கியது. மீன் ஏலத்துக்கு வந்த பெண்கள் சிலர் கூடைகளை இறக்கிவிட்டு சுவரோரம் நின்றார்கள். மணிக்குப் பதில் அந்தோணிதாஸ் ஒரு இரும்புத் தகட்டைத் தட்டினான்.

முதல் அடி நாச்சியாருடையது. சலோமியின் உதடு கிழிந்தது. உப்பும் சூடுமாக ரத்தம் நாக்கில் பட்டதும் அவளுக்குத் தூக்கத்திலிருந்து எழுந்தது போலிருந்தது. அவளும் கொடுத்தாள். நாச்சியாரின் விலாவின் அதிர்வு கைவழியே தோளுக்கு வந்தது. எதிரே உண்மையாகவே ஓர் ஆள். அடுத்து என்ன செய்வாள் என்று தெரியாத ஓர் ஆள். ரவுண்டுகள் ஓடின. இருவரின் மூச்சும் புகையோடு புகையாகக் கலந்தது. பிறகு அந்த இடது தோள் லேசாக இறங்கியது. சலோமி அதற்குத் தயாராக விலகினாள். அடி வந்தது வலது கையிலிருந்து.

அவள் விழுந்தது பனிப்புகைக்குள். மேலே கூரை தெரிந்தது. பிறகு நாச்சியாரின் அழுத முகம். "அக்கா, கண்ணத் தொறங்கக்கா! யாராவது தண்ணி கொண்டாங்களேன்!"

சலோமி கண் திறந்தாள். சிரித்தாள். "இன்னா அடிமா அது! எங்கேர்ந்து வந்துச்சி?"

தன்னைவிட ஒரு படி மேலே ஒருத்தி இருக்கிறாள். உலகத்துக்கு இப்போது உயரம் இருந்தது. அதில் தன் இடம் எது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தோணிதாஸின் தோளில் சாய்ந்தபடி, வலியோடு, கடல்காற்றில் அவள் நடந்து வீடு சேர்ந்தாள். அப்படி ஒரு தூக்கத்தை அவள் அதுவரை தூங்கியதில்லை.

விஷயம் மன்றத்துக்குப் போனது. விசாரித்துத் தீர்ப்பு சொன்னார்கள். பிரிவு மாறி மோதியதால் அந்தச் சண்டை செல்லாது. ஆகவே நாச்சியார் ஜெயிக்கவில்லை. ஆனால் சலோமியின் உடம்பிலுள்ள காயம் உண்மை. ஆகவே சலோமி தோற்றிருக்கிறாள். பல வருடங்களில் உலகில் தோற்ற ஒரே ஆள் அவள்தான்.

அதன் பிறகு சாம்பியன்கள் அவள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். வாசலில் நின்று தயக்கத்தோடு கேட்பார்கள்: "தோத்தா எப்படி இருக்கும்?" அவள் சொல்லச் சொல்லக் கண்கலங்கிக் கேட்பார்கள். ஊர் ஊராகத் தோற்கும் ஏக்கம் பரவியது. கடைசியில் மன்றம் இறங்கி வந்து, உலகத் தோல்விப் பட்டத்தை அறிவித்தது. பிரிவுகள் கிடையாது, யாரும் யாரோடும் மோதலாம், தோற்பவருக்கே பட்டம்.

முதல் போட்டி கடல்மேல் மிதக்கும் அரங்கில் நடந்தது. சலோமியையும் நாச்சியாரையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மாலை வெளிச்சத்தில் அரங்கம் ஒரு பெரிய சிப்பிபோல அலையில் அசைந்தது. வளையத்துக்குள் இரண்டு பேர் கைகளைத் தொங்கவிட்டு எதிரெதிரே நின்றார்கள். இருவர் முகத்திலும் கனிவான புன்னகை.

மணி அடித்தது. யாரும் அசையவில்லை.

"நீங்க அடிங்க," என்றான் ஒருவன்.

"பரவால்ல, நீங்களே அடிங்க."

நாச்சியார் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, அன்னைக்கு நான் ஜெயிச்சேன்லா?"

"ஆமாம்மா, ஜெயிச்ச. நல்லாவே ஜெயிச்ச."

பின்வரிசையிலிருந்து யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். வளையத்தில் ஒருவன் தூக்கம் வந்தவன்போல முழங்கால் மடிந்து சரியத் தொடங்கினான். அதைப் பார்த்த மற்றவன் அவனுக்கு முந்திக்கொண்டு குப்புற விழுந்தான். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

யார் முதலில் தரையைத் தொட்டார் என்று சொல்லுமளவுக்குக் கருவி இன்னும் கூர்மையாகவில்லை என்று நடுவர் வருத்தத்தோடு அறிவித்தார். அதற்கான வேலை அன்று இரவே தொடங்கியது.